ஊர் கூடி வளர்த்த இசை

கச்சேரி என்றதும் நம் கண்முன் தோன்றுவது ஒரு மேடை. மேலே சிலர் பாடுவர். கீழே பலர் கேட்பர். முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கலைந்து போவர். ஆனால் கேட்க வந்தவர்களே ஆளுக்கொரு வாத்தியத்தைக் கையோடு கொண்டுவந்து, மரத்தடியில் கூடி, முன்பின் அறியாதவரோடு நள்ளிரவு கடந்தும் வாசித்து மகிழும் ஓர் இசை அமெரிக்க நாட்டில் உண்டு. அதுவே 'புளூகிராஸ்' இசை.

இவ்விசையின் தந்தை எனப் போற்றப்படுபவர் பில் மன்றோ. 1911-ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்து ரோசின் என்னும் சிற்றூரில், எட்டுப் பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அண்ணன்மார் பிடிலையும் கிதாரையும் எடுத்துக்கொள்ள, எவரும் விரும்பாத மாண்டலின் அவருக்கு மிஞ்சியதாம்! பதினாறு வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த அவர், பிடில் வாசிப்பதில் வல்லவரான தாய்மாமனிடம் வளர்ந்தார். கென்டக்கிக்கு 'நீலப்புல் மாநிலம்' என்றொரு பெயர் உண்டு. அதனையே தம் குழுவுக்குச் சூட்டி, 1939-இல் நாஷ்வில் நகர வானொலியின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியில் இடம் பெற்றார். குழுவின் பெயரே பின்னர் இசையின் பெயராயிற்று.

1945-இல் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்னும் இளைஞர் அக்குழுவில் சேர்ந்தார். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் அவர் பாஞ்சோவை மீட்டிய வேகம் கேட்டோரை வியக்கவைத்தது. இவ்விசையில் பொதுவாக முரசு இல்லை; மாண்டலினை வெட்டி வெட்டி வாசிப்பதே தாளமாகிறது. ஒருவர் முன்வந்து தனித்து வாசிக்க மற்றவர் அடங்கித் துணைநிற்பர். பின் அடுத்தவர் முறை வரும். விட்டுக்கொடுத்தலே இவ்விசையின் இலக்கணம் எனலாம்.

1950-களின் நடுவில் 'ராக் அண்டு ரோல்' என்னும் புயல் வீசியது. இளைஞர் கூட்டம் மின்கிதாரின் பின்னே ஓடியது. புளூகிராஸ் கலைஞர் பலருக்கு வாய்ப்புகள் குறைந்தன, பிழைப்பே கேள்விக்குறியாயிற்று. அந்நாளில் இக்கலையைத் தாங்கிப் பிடித்தவர்களுள் அதன் சுவைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1965-இல் வர்ஜீனியா மாநிலத்து ஃபின்காஸிலில், கார்ல்டன் ஹேனி என்பார் பல நாள் நடைபெறும் புளூகிராஸ் விழா ஒன்றை முதன்முதலாக நடத்திக் காட்டினார். 1967-இல் மன்றோவும் இந்தியானா மாநிலத்துப் பீன் பிளாசத்தில் விழா தொடங்கினார். குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்கின. மேடைக்கு அப்பால் வண்டிகள் நிற்குமிடமெங்கும் வட்டம் வட்டமாக இசை எழுந்தது.

அவ்வட்டத்திற்கும் சில நெறிகள் உண்டு. பாட்டைத் தொடங்குபவர் சுருதியைச் சொல்வார். பாடுபவரின் குரலை அமுக்காதபடி மற்றவர் மெல்ல வாசிப்பர். கற்றுக்குட்டிகள் வட்டத்தின் ஓரத்தில் நின்று மெதுவாகப் பழகுவர். முடிக்கும் நேரம் வந்ததென்பதைக் காலைத் தூக்கிக் காட்டுவதும் உண்டு! ஆசிரியரும் பள்ளியும் இன்றியே ஒரு தலைமுறை இவ்வாறு கற்றது.

சிதறிக் கிடந்த சுவைஞர்களை இணைத்தது செய்தி. எந்த ஊரில் என்று கச்சேரி, யாருடைய இசைத்தட்டு வந்துள்ளது என அறியும் ஆவல் மிகுந்தது. 1966-இல் வாஷிங்டன் வட்டாரத்து ஆர்வலர் சிலர் 'புளூகிராஸ் அன்லிமிடெட்' என்னும் சிறு மடலைத் தொடங்கினர். நாளடைவில் அது நாடறிந்த இதழாக வளர்ந்தது. 1985-இல் பன்னாட்டு புளூகிராஸ் இசைச் சங்கம் உருவாயிற்று. நோயாலும் விபத்தாலும் நலிந்த கலைஞருக்குக் கைகொடுக்க ஓர் அறநிதியும் எழுந்தது. ஜப்பானிலும் செக் நாட்டிலும்கூட இவ்விசைக்கு அன்பர்கள் தோன்றினர்.

இவ்வளவு அன்பு நிறைந்த வட்டத்திலும் ஒரு குறை இருந்தது. பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கொடை. இளம் மன்றோவின் உள்ளத்தில் இசையை விதைத்தவர்களுள் ஒருவர் ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர். மன்றோவே இதனை நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். ஆயினும் கறுப்பின மக்கள் அவ்வட்டத்தில் நெடுங்காலம் அரிதாகவே காணப்பட்டனர். 1931-இல் மறைந்த ஷல்ட்ஸின் பெயரால், அவ்வினத்தாரை ஊக்குவிக்க 2020-இல்தான் அச்சங்கத்தைச் சார்ந்த அறக்கட்டளை ஒரு நிதியை நிறுவியது. காலம் கடந்து வந்தாலும் கடன் கடனே அன்றோ!

மன்றோ 1996-இல் மறைந்தார். அவர் மூட்டிய இசை மறையவில்லை. ஊர் கூடித் தேரிழுத்தால் தேர் நிலை சேரும். ஆனால் வடம் பிடிக்க வருவோர் அனைவருக்கும் அதில் இடம் வேண்டும். கலையை வாழவைக்க விரும்பும் எவர்க்கும் புளூகிராஸ் கற்பிக்கும் பாடம் இதுவே.