நடிப்புச் சண்டையில் முறிவது நிஜக் கழுத்து

"அதெல்லாம் நடிப்புதானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் பிள்ளைகளை டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தம் பார்க்க விடுகிறோம். அதையே அவர்கள் கட்டில்மேல் செய்துபார்க்கும்போதும் நமக்கு அதே சமாதானம்தான். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது, உண்மை. ஆனால் தூக்கிப் போட்டால் உடம்பு விழுவது நிஜம்.

‘பைல்டிரைவர்’ பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, தலையைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு அப்படியே இறங்குவார்கள். தலை தரையில் மோதியதுபோல் தெரியும், மோதக் கூடாது. தூக்கியவரின் முழங்காலோ பின்புறமோதான் முதலில் தரையைத் தொட வேண்டும். தலைக்கும் தரைக்கும் நடுவே இருப்பது சில அங்குல இடைவெளி. அந்த இடைவெளியை இருவரும் சேர்ந்துதான் காக்கிறார்கள்.

1997 ஆகஸ்ட் 3 அன்று சம்மர்ஸ்லாம் ஆட்டத்தில் ஸ்டீவ் ஆஸ்டினை இதே பிடியில் தூக்கிய ஓவன் ஹார்ட் உட்கார்ந்தபடி இறங்கினார். ஆஸ்டினின் தலை அவர் தொடைகளுக்குக் கீழே தொங்கி இருந்தது. கழுத்தில் அடிபட்டு, ஆஸ்டினுக்குச் சிறிது நேரம் கைகால் அசையவில்லை. இருவருமே தேர்ந்த வீரர்கள். 1999-இல் தூக்கி முதுகு படப் போடும் ‘பவர்பாம்ப்’ பிடி தவறி விழுந்த டேரன் டிரோஸ்டோவ், 2023-இல் இறக்கும்வரை உடல் செயலிழந்தே வாழ்ந்தார். ஜப்பான் மல்யுத்த வீரர் மிட்சுஹாரு மிசாவா 2009 ஜூனில் ஹிரோஷிமா மேடையிலேயே சுருண்டார். அன்றே உயிர் போனது. வயது 46. ஆயிரக்கணக்கான முறை விழுந்து எழுந்த உடம்பு அது.

மல்யுத்த வீரர்கள் முதலில் கற்பதே விழுவதைத்தான்: மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கைகளை விரித்து, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் பட விழ வேண்டும். வீட்டில் பிள்ளைக்கு இருப்பது டைல்ஸ் தரையும் கட்டில் விளிம்பும்.

தலைகுப்புற விழுந்த பிள்ளை கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்றால் தூக்காதீர்கள். இதுதான் மிக முக்கியம். பதற்றத்தில் நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்குவதில் தண்டுவடம் மேலும் சிதையலாம். கிடந்தபடியே தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம், தலையணை வைக்க வேண்டாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவவே கூடாது. வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது போன்றவை மூளை அதிர்ச்சியின் அடையாளங்கள், உடனே மருத்துவமனை. மருத்துவர் அனுமதிக்கும்வரை விளையாட்டு கிடையாது.

"போலீஸ் கேஸ் ஆகும், முதலில் புகார் கொடுங்கள்" என்று எந்த மருத்துவமனையும் முதலுதவியைத் தள்ளிப்போட முடியாது. அரசோ தனியாரோ, உயிர் காப்பதே முதல் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. பள்ளியிலோ பயிற்சிக் கூடத்திலோ அடிபட்டால், நடந்ததை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பையன் சம்மதித்துத்தான் ஆடினான்" என்ற பதில் செல்லாது. சம்மதத்தின்பேரில் நேர்ந்த காயத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா 25-ஆம் பிரிவு தரும் விலக்கு, 18 வயதைக் கடந்தவர் தந்த சம்மதத்துக்கே பொருந்தும்.

சண்டை பார்ப்பதைத் தடுக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் தலைகீழாகத் தூக்கப்படும்போது, அந்தத் தலை எங்கே இருக்கிறது என்று காட்டிச் சொல்லுங்கள்.