மாண்டலினின் கம்பியும் குதிரையும்

கோலார் தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்படும் வரை, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்களை உள்ளே இறக்கிய கூண்டுகள் எஃகு வடங்களில்தான் தொங்கின. அந்த வடத்தின் இழையும் மாண்டலின் கம்பியும் ஒரே குலம்: கரி மிகுந்த எஃகைச் சூடேற்றாமல் துளை வழியே இழுத்து மெலிதாக்கியவை.

மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகள். சற்றுக் கனமான கம்பிகளைப் பூட்டி வயலினைப்போல் சுருதி சேர்த்தால், மொத்த இழுவிசை சுமார் 80 கிலோ. அதைத் தாங்குவது மெல்லிய மரப்பலகை. பழைய வாத்தியத்துக்கு மெல்லிய கம்பிதான் நல்லது. ஒலி கொஞ்சம் குறையும், பலகை பிழைக்கும்.

கீழ்ஸ்தாயி இணைகளில் எஃகின்மேல் இன்னொரு உலோகம் சுற்றியிருக்கும். பாஸ்பர் வெண்கலச் சுற்று கதகதப்பான நாதம் தரும். ஆனால் மின்மாண்டலினில் கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தப் பிக்கப்பின் கண்ணில் வெண்கலம் படாது. உள்ளிருக்கும் எஃகை மட்டுமே அது உணரும். அங்கே நிக்கல் சுற்றுதான் பொருத்தம்.

1969இல் பாலகொல்லுவில் பிறந்த மாண்டலின் கலைஞர் யு. ஸ்ரீனிவாஸ் இந்த வாத்தியத்தைக் கர்நாடக இசைக்காகவே மாற்றினார். இரட்டைக் கம்பிகளைச் சேர்த்து இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம். நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். எட்டை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினுக்கு அவர் வந்தார். கம்பித் தேர்வு வாசிப்பின் பாணியையே தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

இனி குதிரை, அதாவது பலகைமேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு. மாண்டலினில் அது ஒட்டப்படுவதில்லை; கம்பிகளின் அழுத்தத்திலேயே நிற்கிறது. கருங்காலியும் ஈட்டியும் வழக்கமான மரங்கள். இரண்டும் உறுதியானவை, அதிர்வை வீணாக்காமல் பலகைக்குக் கடத்துபவை. மேப்பிள் மரம் இவற்றைவிட எடை குறைவு. எடை ஏன் முக்கியம்? வயலின் குதிரையில் ‘மியூட்’ மாட்டிப் பார்த்தால் தெரியும்: சில கிராம் கூடியதும் ஒலி அமுங்கிவிடும். எனவே உறுதி வேண்டும், பாரம் கூடாது.

விலையுயர்ந்த மரம் வாங்கும் முன் குதிரையின் அடிப்பகுதியைப் பாருங்கள். பலகையின் வளைவோடு இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால் எந்த மரமும் உதவாது. பலகைமேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே தெரிய விரித்து, குதிரையை அதில் முன்னும் பின்னும் தேய்த்தால் பொருந்தி வரும். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகவே கழற்ற வேண்டும்; எட்டையும் ஒரேயடியாக அவிழ்த்தால் குதிரை விழும், பிறகு பன்னிரண்டாம் மெட்டில் ஸ்வரம் சரியாக நிற்கும் இடத்தை மறுபடி தேட வேண்டியிருக்கும்.