தானுந்துத் துப்புரவுப் பொருட்கள்

தானுந்துத் துப்புரவுப் பொருட்கள் என்பவை தானுந்தின் (கார்) வண்ணப்பூச்சு, கண்ணாடி, சக்கரம், இருக்கை முதலியவற்றில் படியும் அழுக்கை நீக்கவும், பின்னர் அப்பரப்புகளைக் காக்கவும் பயன்படும் நீர்மங்கள், மெழுகுகள், துணிகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் கிடைக்கும் நீரின் தன்மை, படிந்துள்ள அழுக்கின் வகை, கழுவிய நீர் சென்று சேரும் இடம் ஆகிய மூன்றும் கருத்தில் கொள்ள வேண்டியவை. விலையும் நறுமணமும் இவற்றுக்குப் பின்னரே வரும். இக்கட்டுரை தென்காசி மாவட்டத்தின் வடகரை, குற்றாலம் சுற்றுவட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வடகரைப் பகுதியின் நிலை

வடகரை கீழ்ப்பிடாகை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி ஆகும். அருகில் மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே அடவிநயினார் அணை உள்ளது. அனுமன் நதி சிற்றாற்றில் கலக்கிறது. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. வழிநெடுக இவ்வாறுகளின் நீர் கால்வாய்கள் மூலம் குளங்களுக்கும் வயல்களுக்கும் செல்கிறது.

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் இங்கு சாரல் பெய்யும். சாரல் வண்டியைக் கழுவிவிடும் எனச் சிலர் எண்ணுவதுண்டு. உண்மையில் மெல்லிய தூறலுக்குப் புழுதியை அடித்துச் செல்லும் விசை இல்லை. அது புழுதியை நனைத்து, காய்ந்ததும் பொட்டுப் பொட்டாக ஒட்டவைத்து விடுகிறது. இப்பகுதியின் செம்மண், புளியரை வழியாகக் கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிச் செல்லும் சுமையுந்துகள் எழுப்பும் தூசி, மரநிழலில் நிறுத்துவதால் விழும் பறவை எச்சம், மரப்பிசின் ஆகியவையே இங்கு வண்டிகளில் மிகுதியாகக் காணப்படும் அழுக்குகளாகும்.

மலையிலிருந்து இறங்கும் நீரில் கரைந்த உப்புகள் குறைவு. கிழக்கே சமவெளியில் ஆழ்துளைக் கிணறுகளின் நீர் பல இடங்களில் கடின நீராக இருக்கிறது. எனவே ஒரே ஷாம்பு ஓர் ஊரில் நன்றாக நுரைப்பதும், சில கிலோமீட்டர் தொலைவில் வெள்ளைத் திட்டுகளை விட்டுச் செல்வதும் உண்டு. குறை பெரும்பாலும் நீரினுடையது.

வண்ணப்பூச்சும் கீறலும்

இக்காலத் தானுந்துகளின் உலோகத் தகட்டின் மீது அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அவற்றின் மேல் நிறமற்ற தெளிபூச்சு எனப் பல அடுக்குகள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோமீட்டர் தடிப்பே இருக்கும். பளபளப்பைத் தரும் தெளிபூச்சு அதில் 40 முதல் 50 மைக்ரோமீட்டர் மட்டுமே. இது தலைமயிர் ஒன்றின் தடிப்பை விடக் குறைவு.

மணலில் உள்ள படிகக்கல் (குவார்ட்சு) மோவின் கடினத்தன்மை அளவில் 7 ஆகும். தெளிபூச்சு அதனினும் மிக மென்மையானது. உலர்ந்த புழுதியின் மேல் துணியை வைத்து இழுப்பது தெளிபூச்சை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். வெயிலில் பார்க்கும்போது வண்டியின் மேல் தெரியும் சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்கள் பெரும்பாலும் இவ்வாறு உண்டாகின்றன. நாள்தோறும் காலையில் உலர்ந்த துணியால் வண்டியைத் துடைக்கும் வழக்கம் நம் தெருக்களில் பரவலாக உள்ளது. அக்கறையுடன் செய்யப்படும் இச்செயலே பூச்சை விரைவில் மங்கச் செய்கிறது.

சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு

சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பாகும். கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளுடன் இது சேர்ந்து, கரையாத வெண்படிவைத் தருகிறது. செயற்கைச் சலவைப்பொருட்களில் இக்குறை குறைவு. இந்தியச் சலவைத்தூள்களின் முதன்மை மூலப்பொருளான நேர்கோட்டு அல்கைல் பென்சீன், சென்னை மணலியிலும் தயாரிக்கப்படுகிறது. ஆயினும் சலவைத்தூளைத் தானுந்துக்குப் பயன்படுத்துதல் நன்றன்று. அதில் சலவைச் சோடா கலந்திருப்பதால் அதன் கரைசலின் காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்) 10 அளவுக்கு உயர்கிறது. இது மெழுகுப் படலத்தை நீக்குவதுடன் அலுமினியப் பகுதிகளையும் மங்கச் செய்யும்.

பாத்திரம் துலக்கும் கட்டிகளில் தேய்ப்பதற்கெனக் கனிமத் தூள் சேர்க்கப்படுகிறது. இவற்றை வண்ணப்பூச்சின் மேல் பயன்படுத்தவே கூடாது. பாத்திரம் கழுவும் நீர்மத்தில் தூள் இல்லை, ஆனால் எண்ணெய்ப் பசையை அகற்றுவதற்கென்றே செய்யப்பட்டதால் மெழுகையும் கொண்டு சென்றுவிடும். பழைய மெழுகை நீக்க விரும்பும்போது ஒருமுறை பயன்படுத்தலாம்.

தானுந்து ஷாம்பு என விற்கப்படுபவை பொதுவாக நடுநிலையான (பி.எச் 7 அளவில்) கரைசல்கள். இவற்றில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருட்களும், மணல் துகள்கள் பூச்சின் மேல் உராயாமல் வழுக்கிச் செல்லச் செய்யும் பொருட்களும் உள்ளன. இவ்வழுக்கும் தன்மையே இவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு நியாயமான காரணம். நுரையின் அளவு துப்புரவின் அளவுகோல் அன்று. புட்டியில் குறிக்கப்பட்ட அளவை விட அதிகமாகக் கலந்தால் அலசுவதற்கு நீர்தான் கூடுதலாகச் செலவாகும்.

வீட்டு நீர் கடினமானதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மூடியுள்ள புட்டியில் பாதியளவு நீர் எடுத்து, குளியல் சோப்பின் சிறு சீவலை இட்டுக் குலுக்க வேண்டும். நுரை எழும்பி நின்றால் மென்னீர். நுரை அடங்கி, நீர் பால் போல் கலங்கினால் கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொள்கிறது. குடிக்கத் தகுந்த நீரே வண்டியில் உப்புக்கறை விடுவது இதனால்தான். இத்தகைய ஊர்களில் கடைசி அலசலுக்கு மட்டும் தேக்கி வைத்த மழைநீரைப் பயன்படுத்துவது சிறந்த வழி. அதற்குச் செலவும் இல்லை.

கழுவும் முறை

வண்டி நிழலில் நின்று, தகடு கைக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் சூடான தகட்டின் மேல் ஷாம்பு உடனே காய்ந்து கறையாகும். முதலில் வெறும் நீரை மேலிருந்து கீழாக ஊற்றிப் புழுதியை இறக்க வேண்டும். செம்மண் சேறு காய்ந்திருந்தால் சில நிமிடங்கள் ஊறவிட்டு மீண்டும் ஊற்றலாம். இந்நிலையில் துணி படவே கூடாது.

பின்னர் இரு வாளிகள் தேவை. ஒன்றில் ஷாம்பு கரைசலும் மற்றொன்றில் வெறும் நீரும் இருக்கும். கரைசலில் நனைத்த துணியால் ஒரு பகுதியைத் துடைத்தபின், அத்துணியை வெறும் நீரில் அலசி மணலை உதிர்த்துவிட்டே மீண்டும் கரைசலில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குதல் முறை. சக்கரங்களுக்கும் அடிப்பகுதிக்கும் வேறு துணி வேண்டும். இறுதியில் அலசி, காயும் முன்னர் துடைத்துவிட வேண்டும்.

துணியில் நுண்ணிழைத் துணி (மைக்ரோஃபைபர்) சிறந்தது. பாலியெசுட்டர், பாலியமைடு இழைகளால் ஆன இது, 1970 இல் யப்பானின் தோரே நிறுவனத்தில் மியோசி ஒகமோட்டோ உருவாக்கிய மீநுண் இழைகளின் வழிவந்ததாகும். இதன் இழைகளின் இடையே துகள்கள் சிக்கிக்கொள்வதால் பூச்சின் மேல் உராய்வது குறைகிறது. துணி மென்மையாக்கும் நீர்மத்தில் இதனைத் துவைத்தால் உறிஞ்சும் திறன் கெடும். தரையில் விழுந்த துணியை மீண்டும் வண்டியில் வைக்கக் கூடாது. பழைய பருத்தி வேட்டியும் உலர்த்துவதற்கு ஓரளவு ஏற்றதே. திருப்பூர்க் கழிவுப் பனியன் துணியில் தையல் மடிப்புகள் இருந்தால் அவை கீறும்.

தனிக் கறைகள்

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் சூடேறிய பூச்சில் அது சில மணி நேரத்திலேயே தடம் பதிக்கக்கூடும். ஈரத்துணியை அதன்மேல் சற்று நேரம் போர்த்தி, ஊறியபின் எடுத்துவிட வேண்டும். உப்புக்கறைக்குச் சம அளவு நீர் சேர்த்த வினிகர் போதுமானது. அசிட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. தடவியவுடன் நன்கு அலசுதல் வேண்டும்.

மண்ணெண்ணெய், டீசல் கொண்டு துடைப்பது உழுவுந்துகளிலிருந்து வந்த பழக்கம். அதனால் கிடைக்கும் பளபளப்பு எண்ணெய்ப் படலத்தினுடையது. அது புழுதியை ஈர்ப்பதுடன் இரப்பரையும் கெடுக்கும், தீ அபாயமும் உண்டு. கருமையூட்டுவதற்காக நெகிழிப் பகுதிகளில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் இத்தகையதே. முகப்பு விளக்கின் மஞ்சளைப் பற்பசையால் தேய்த்தால் தெளிவு கிடைக்கும். ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேற்பூச்சும் அதனுடன் தேய்ந்து போவதால் மஞ்சள் விரைவில் திரும்பிவிடும்.

மெழுகும் காப்புப் பூச்சும்

கார்னாபா மெழுகு வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. இது ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியசில் உருகும். நம் வெயிலில் சில வாரங்களே நிலைக்கும். செயற்கைப் பலபடிக் காப்புகள் சில மாதங்களும், சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட செராமிக் பூச்சுகள் அதனினும் நீண்ட காலமும் தாங்கும். எதுவும் கீறலை முற்றிலும் தடுப்பதில்லை. அழுக்கு ஒட்டுவதைக் குறைப்பதால், அடுத்த முறை குறைந்த நீரில் கழுவ முடிவதே இவற்றின் உண்மையான பயன்.

பாதுகாப்பு

கழிவறைத் துப்புரவு அமிலத்தைச் சக்கரங்களுக்குப் பயன்படுத்துவது அலுமினியத்தை அரிக்கும். அதனுடன் வெளுப்புநீர் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளி வெளியாகும். சக்கரங்களுக்கென விற்கப்படும் நீர்மங்கள் சிலவற்றில் புளோரைடுச் சேர்மங்கள் உள்ளன. இவை தோலினூடே ஊடுருவிக் கடும் புண்ணை உண்டாக்க வல்லவை என்பதால் உட்பொருட்களைப் படித்த பின்னரே வாங்க வேண்டும். சிலிக்கோன் கலந்த பளபளப்பியை டயரின் பக்கவாட்டில் மட்டுமே பூசலாம். சாலையில் படும் பரப்பில் பட்டால் வண்டி வழுக்கும். கழுவி முடித்தபின் தடைவட்டுகள் (பிரேக்) ஈரமாயிருக்கும். குற்றாலச் சரிவுகளில் இறங்கும் முன்னர் மெதுவாகச் சென்று சிலமுறை தடையை அழுத்தி உலர்த்திக்கொள்ள வேண்டும்.

நீரும் கழிவுநீரும்

நிமிடத்துக்கு 12 லிட்டர் பாயும் குழாயை 20 நிமிடம் திறந்து வைத்தால் 240 லிட்டர் செலவாகும். 2019 இல் தொடங்கிய சல் சீவன் திட்டம் ஊரகங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வரையறுத்தது. அதன்படி இது நால்வருக்கு மேற்பட்டோரின் ஒருநாள் நீராகும். வாளி முறையில் மூன்று, நான்கு வாளிகளில் வேலை முடியும். 2024 மார்ச்சில் பெங்களூரில் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, குடிநீரால் வண்டி கழுவுவதற்குத் தடையும் 5,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன.

ஆற்றிலும் குளத்திலும் வண்டியை இறக்கிக் கழுவுவது தமிழகத்தின் பழைய வழக்கங்களில் ஒன்று. மாட்டு வண்டிக் காலத்தில் அதனால் பெருந்தீங்கு இல்லை. இன்று அவ்வாறு கழுவும்போது இயந்திர எண்ணெயும் சலவைப்பொருளும் நீரில் கலக்கின்றன. சலவைப்பொருள் மீன்களின் செவுள்களைப் பாதிக்கும். பாசுபேட்டு பாசியையும் ஆகாயத்தாமரையையும் பெருகச் செய்யும். 'மட்கக்கூடியது' என்ற குறிப்பை நம்பி ஆற்றில் ஊற்றுவது தவறு, ஏனெனில் இவை மட்குவதற்கு உயிர்வளியும் நாட்களும் தேவை. உயிர்வளியற்ற குளத்துச் சேற்றில் அது எளிதில் நடப்பதில்லை. 1974 ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நீரோடைகளில் மாசுப்பொருட்களை விடுவதைத் தடை செய்கிறது. குற்றால அருவிகளில் குளிப்போர் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்துவதற்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்துள்ளது. அருவியில் ஒரு சிறு உறை ஷாம்புக்குத் தடை இருக்க, அதே ஆற்றில் சற்றுக் கீழே வண்டி கழுவப்படுவது வியப்புக்குரியது.

வீட்டில் கழுவும் நீர் தெருச் சாக்கடை வழியாகக் கால்வாயை அடையும் ஊர்களில், மண் தரையில் வண்டியை நிறுத்திக் கழுவுவது மேலானது. நடுநிலை ஷாம்பு கலந்த நீரை மண்ணின் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் சிதைத்துவிடும். சக்கர நீர்மம், இயந்திர எண்ணெய் கலந்த நீர் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. கிணற்றுக்கு அருகிலும் கழுவுதல் கூடாது.

ஆயுத பூசை

ஆண்டில் ஒருமுறையேனும் தமிழகத்தின் எல்லா வண்டிகளும் கழுவப்படுவது ஆயுத பூசையின்போதுதான். அன்று பூசப்படும் சந்தனமும் குங்குமமும் பல நாட்கள் அப்படியே விடப்படுவதுண்டு. மஞ்சளும் குங்குமமும் வெளிர்நிற வண்டிகளில் கறை பதிக்கும். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் கீறல் விழும். பூசை முடிந்த மறுநாளே நீரில் ஊறவைத்து எடுத்துவிடலாம். கண்ணாடியிலோ எண் பலகையின் சட்டத்திலோ பொட்டு வைத்தால் பூச்சுக்குக் கேடில்லை.