மஸ்டரில் பெயர் இருக்கிறது, மாட வீதியில் ஆள் எங்கே?

நவராத்திரி நெருங்கும் வாரங்களில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடைகள். பிள்ளையார் சதுர்த்தி என்றால் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் அன்று நாலு மாட வீதியிலும் கால் வைக்க இடமிருக்காது. திருவிழா இல்லாத நாட்களிலும் காய்கறி, பூ, வாழையிலை, தேங்காய் என்று நடைபாதை சும்மா இருப்பதில்லை. எந்தக் கடை இருக்கலாம், எது எழுந்துபோக வேண்டும், குப்பை கொட்டியது யார், அபராதம் எவ்வளவு என்பதையெல்லாம் அந்தந்த இடத்திலேயே முடிவு செய்கிறவர்கள் மாநகராட்சியின் களப் பணியாளர்கள்: துப்புரவு ஆய்வாளர், உரிம ஆய்வாளர், உதவிப் பொறியாளர், ஆக்கிரமிப்பு அகற்ற லாரியில் வந்து இறங்கும் ஆட்கள். இவர்கள் வேலைக்கு ஒழுங்காக வருகிறார்களா? வந்த பிறகு ஒழுங்காக நடந்துகொள்கிறார்களா? இதை யார் பார்ப்பது?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். நிர்வாகம் முதலாவதை மட்டும் கருவி வாங்கித் தீர்க்கப் பார்க்கிறது. இரண்டாவது அப்படியே கிடக்கிறது.

தெருப் பெருக்குபவர் ஒரு நாள் வரவில்லை என்றால் காலை ஒன்பது மணிக்குள் தெருவே அதைச் சொல்லிவிடும். அபராதம் போட வேண்டியவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் புகார் செய்ய ஆளில்லை, ஏனென்றால் அவர் வராததில் சிலருக்கு லாபம். ‘இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள்’ என்பதற்கென்றே மாமூல் உண்டு. ஆக, இந்த வேலையில் வருகையும் விற்பனைக்கு வரலாம், வராமையும் விற்பனைக்கு வரலாம். பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் பொருந்துகிற வருகைப் பதிவேடு இங்கே பாதி வேலையைத்தான் செய்யும்.

விரல், முகம், கடிகாரம்

பழைய முறை மஸ்டர். காலையில் வார்டு அலுவலக வாசலில் மேஸ்திரி பெயர் கூப்பிட, ஆள் கை தூக்க, நோட்டில் ஒரு டிக். ஆளே இல்லாத பெயருக்குச் சம்பளம் போவதும், ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்து நிற்பதும் இந்த முறையோடு பிறந்த நோய்கள். அதற்கு மருந்தாக விரல்ரேகைக் கருவி வந்தது. உடலுழைப்பில் கை தேய்ந்தவர்களின் ரேகையை அது பல நேரம் ஏற்க மறுத்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் எல்லாரும் தொடும் கருவி ஆபத்து என்று நாடு முழுக்க நிறுத்தி வைத்தார்கள். அடுத்து முகத்தைப் படம் பிடிக்கும் செயலியும் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ்ஸும் வந்தன.

நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா மாநகராட்சிகள் இன்னும் ஒரு படி மேலே போய், துப்புரவுத் தொழிலாளர் மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டின. குறித்த எல்லையைத் தாண்டினால் மையத்தில் தெரியும். கழிப்பறைக்குப் போனாலும், சாப்பிட உட்கார்ந்தாலும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு பெண் தொழிலாளர்களை மிகவும் வதைத்தது, போராட்டங்கள் நடந்தன.

படம் பிடித்தால் ஏமாற்ற முடியாது என்ற நம்பிக்கையும் நீடிக்கவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் செயலி வழி வருகைப் பதிவு எல்லாப் பணியிடங்களிலும் கட்டாயமானது. இரண்டரை ஆண்டு கழித்து, 2025 ஜூலையில், மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், பழைய படத்தையே மறுபடி படம் பிடிக்கிறார்கள், ஒரே ஆட்கள் பல மஸ்டர்களில் தோன்றுகிறார்கள் என்று அந்தக் கடிதம் பட்டியலிட்டது. மேஸ்திரியின் நோட்டில் நடந்ததுதான் செல்போனிலும் நடந்தது.

இதில் மிகவும் பாடம் சொல்வது ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்து அனுபவம். அங்கே கிராமத் துணைச் சுகாதார நிலையங்களில் செவிலியர் பல நாள் இருந்ததே இல்லை. சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து, நேரமும் தேதியும் பதியும் கருவிகளைக் கொடுத்தது. வராத நாளுக்குச் சம்பளப் பிடித்தம் என்றது அரசு. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர் இதை அளந்து 2008-ல் வெளியிட்டார்கள். முதல் சில மாதங்களில் வருகை ஏறக்குறைய இரட்டிப்பானது. பதினாறு மாதத்துக்குள் பலன் முழுக்கக் கரைந்துவிட்டது. கருவி கெட்டுப்போனது முக்கியக் காரணமில்லை. மேலதிகாரிகளே ‘விலக்கு நாட்கள்’ என்று தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். வரவில்லை என்ற பதிவுகள் பெருகவில்லை, விலக்குகள்தான் பெருகின.

நம் ஊர் அலுவலகங்களில் இதற்கு ஓ.டி. (வேறு பணி) என்று பெயர். கூட்டத்துக்குப் போனார், கோர்ட் வேலை, அமைச்சர் வருகை, வெள்ளப் பணி. களப் பணியில் இவை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். சென்னையில் மழைக்காலம் வந்தால் எந்த ஆய்வாளரும் தன் வழக்கமான வேலையில் இருக்க முடியாது. அதனாலேயே, பொய்யான ஓ.டி.யை உண்மையானதிலிருந்து எந்தச் செயலியாலும் பிரிக்க முடியாது. அதைப் பிரிக்க வேண்டியவர் கையெழுத்துப் போடும் அதிகாரி. அவருடைய வருகையை யாரும் படம் பிடிப்பதில்லை.

ஒரே தெரு, இரண்டு நியாயம்

மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்தில் வருகிறது. மாநகராட்சியின் ஒன்பதாவது மண்டலம் அது. தி.நகரை உள்ளடக்கிய கோடம்பாக்கம் மண்டலம், அடையாறு மண்டலம் ஆகியவற்றோடு இங்கும் 2020 முதல் குப்பை அள்ளும் பணி உர்பேசர் சுமீத் என்ற தனியார் கூட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. ஆகவே ஒரே தெருவில் இரண்டு வகை ஊழியர்கள் நிற்கிறார்கள். நிரந்தர ஊழியர் தவறு செய்தால் குற்றச்சாட்டு மெமோ, விளக்கம், விசாரணை அதிகாரி, தண்டனை, மேல்முறையீடு என்று படிப்படியாகப் போக வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் உண்டு. ஒப்பந்த ஊழியர் விஷயத்தில் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்ற ஒரு வாக்கியம் போதும். கண்காணிப்புக் கருவிகளின் பாரம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர் தலையில்தான் இறங்குகிறது. அபராதம் போடும் அதிகாரம் இல்லாதவரைக் கடிகாரம் கட்டிப் பார்ப்பதும், அதிகாரம் உள்ளவரைக் கையெழுத்தோடு விட்டுவிடுவதும் தலைகீழான ஏற்பாடு.

அதிகாரத்தையே ஒப்பந்தத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை சாட்சி. அங்கே துப்பினால், குப்பை போட்டால் அபராதம் விதிக்கத் தனியார் நிறுவனங்கள் வழியாக ‘கிளீன் அப் மார்ஷல்’களை நியமித்தார்கள். வசூலில் பாதி நிறுவனத்துக்கு, பாதி மாநகராட்சிக்கு. மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்ற புகார் ஓயாததால் திட்டம் நிற்பதும் மறுபடி வருவதுமாக இருந்தது. 2024-ல் செயலி வழி ரசீதோடு புதுப்பித்தார்கள். புகார்கள் தொடர, 2025 ஏப்ரலில் கைவிட்டார்கள். அந்த மார்ஷல்கள் வேலைக்கு வராமல் இல்லை. வசூலில் பங்கு என்றால் யாரும் லீவு போட மாட்டார்கள். வருகை நூற்றுக்கு நூறு இருந்தாலும் ஒழுங்கு பூஜ்யமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சென்னையில் போக்குவரத்துக் காவல்துறை 2018-ல் அபராதத்தை ரொக்கமில்லா முறைக்கு மாற்றியது. மாநகராட்சியும் 2024-ல் பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தி, அதை வசூலிக்க டிஜிட்டல் கைக்கருவிகளைக் கொண்டுவந்தது. என் கணிப்பில், முக அடையாளச் செயலியைவிட இந்தச் சின்னக் கருவிதான் பெரிய கண்காணிப்பாளர். எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, யார், யாருக்கு, எவ்வளவு என்பது ஒரே ரசீதில் பதிவாகிறது. ஆய்வாளர் அந்த இடத்தில் இருந்தார் என்பதற்கும் அதுவே சாட்சி. ஒரு வார்டில் மாதம் முழுக்க ஒரு ரசீதும் இல்லை என்றாலும், ஒரே கடைக்கு மட்டும் பத்து ரசீது என்றாலும் மேலதிகாரி கேள்வி கேட்கலாம். கூடவே ஓர் எச்சரிக்கை: ரசீது எண்ணிக்கைக்கு இலக்கு வைத்தால் மும்பை கதைதான் இங்கும் நடக்கும்.

கடைகளை அகற்றும் வேலைக்கு இதைவிடப் பழைய கருவி சட்டத்திலேயே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, ஒருவரை இடம் மாற்றவோ வெளியேற்றவோ 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி, அதிகாரி கையெழுத்திட்டு, நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். வியாபாரி திரும்பக் கேட்டால், அழுகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள்ளும், அழுகும் பொருளை அதே நாளிலும் தந்தாக வேண்டும். மாட வீதியில் ஒரு கூடை கத்தரிக்காய் லாரியில் ஏறும்போது இப்படி ஒரு பட்டியல் எழுதப்பட்டால், அந்த லாரியில் வந்தவர் யார், எத்தனை மணிக்கு வந்தார், என்ன எடுத்தார் என்று மூன்றும் தெரிந்துவிடும். பட்டியல் இல்லாத பறிமுதல் என்றால், வருகைப் பதிவேட்டில் ஆள் இருந்தும் கணக்கில் ஆள் இல்லை.

மயிலாப்பூருக்குக் கிழக்கே, பட்டினப்பாக்கம் பக்கத்து லூப் சாலையில் 2023 ஏப்ரலில் நடந்ததை இங்கே நினைவுபடுத்தலாம். உயர் நீதிமன்றம் ஆக்கிரமிப்பைப் பற்றிக் கேட்க, மாநகராட்சி மீன் கடைகளை அகற்ற, நொச்சிக்குப்பம் மீனவர்கள் சாலையில் இறங்கினார்கள். அன்று குறை பணியாளர்களின் வருகையில் இல்லை. பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்ததோ, ஏறத்தாழ 15 கோடி ரூபாயில் கட்டிய மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோதுதான். போக இடம் காட்டாமல் ஆளை அனுப்பினால், எவ்வளவு ஒழுக்கமான ஊழியரும் தெருவில் சண்டைக்குத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. அபராதம் கட்டினால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். ‘ரசீது வேண்டாம் என்றால் பாதி கொடுங்கள்’ என்ற பேரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாதியில் நீங்களும் பங்காளி. உங்கள் தெருப் பூக்காரம்மாவின் கூடையை யாராவது எடுத்தால், பட்டியல் எங்கே என்று கூட நின்று கேளுங்கள். தரவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் இடத்தையும் நேரத்தையும் சொல்லிப் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.