தோலும் நீரும்: பாலாற்றுப் படுகை கற்பிக்கும் பாடம்

அரசு செலவிடும் பொதுப்பணம் வேலைவாய்ப்பைக் காப்பது எவ்வாறு? சாலை, மின்சாரம், தொழிற்பேட்டை என்பனவே இவ்வினாவிற்கு நாம் வழக்கமாகக் கூறும் விடைகள். பாலாற்றங்கரையின் தோல் நகரங்களோ மற்றொரு விடையையும் தருகின்றன. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பைத் தாங்கி நிற்பவற்றுள் கழிவுநீர்க் குழாயும் ஒன்று.

தொழிலின் வளர்ச்சி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்கள் பழைய வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2019ஆம் ஆண்டில் அம்மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டே தோல் பதனிடப்பட்டது. 1970களில், பதனிடாத தோலின் ஏற்றுமதியை நடுவண் அரசு தடை செய்தது. முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. அதன் பயனாகக் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. சுற்றியுள்ள சிற்றூர்களின் பெண்கள் பலர் மாத ஊதியம் பெறலாயினர். அதே காலத்தில் குரோமிய உப்பால் பதனிடும் முறையும் பரவியது.

நீர் கெட்டது

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும். உப்பும் குரோமியமும் கலந்த அந்நீர் பாலாற்றிலும் வெளிநிலங்களிலும் விடப்பட்டது. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் விளைச்சலை இழந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை நாடியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதாக ஆய்வொன்று கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்றும், கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத ஆலைகள் மூடப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது.

பொதுக் கட்டமைப்பு

ஆலையை மூடினால் தொழிலாளியின் அடுப்பு அணையும். மூடாவிட்டால் உழவரின் கிணறு கெடும். பல வீடுகளில் தந்தை உழவர், மகள் காலணித் தொழிலாளி என்பதை எண்ணினால் இச்சிக்கலின் ஆழம் புலப்படும். சிறிய ஆலை தனக்கெனச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாது. எனவே பல ஆலைகளின் கழிவுநீரைக் குழாய்வழியே ஓரிடத்தில் சேர்க்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. 1991இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி, கட்டுமானச் செலவில் நடுவண் அரசும் மாநில அரசும் தலா 25 விழுக்காடு மானியம் அளித்தன. எஞ்சிய பாதியை ஆலை உரிமையாளர்கள் பங்குத்தொகையாலும் கடனாலும் திரட்டினர். பின்னர், கழிவுநீரைச் சவ்வின்வழி வடிகட்டியும் ஆவியாக்கியும் மீண்டும் பயன்படுத்தும் முறை வந்தது. அம்முறையில் மின்செலவு மிகுதி. எஞ்சும் உப்பை எங்கே சேர்ப்பது என்னும் சிக்கலும் தீரவில்லை.

பராமரிப்பின் தேவை

கட்டுவதோடு கடமை முடிவதில்லை. 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் உயிரிழந்தனர். வேலையைக் காக்க எழுந்த கட்டமைப்பே, கண்காணிப்புத் தவறினால் உயிரைப் பறிக்கும் என்பதற்கு இது சான்று.

2022இல் தமிழ்நாடு அரசு காலணி, தோற்பொருள்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டில் நடுவண் அரசு இத்துறைக்கு 1,700 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இத்தகைய செலவுகளை அளக்க, ‘எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?’ என்னும் வினா மட்டும் போதாது. ‘அவ்வூர்க் கிணற்று நீரைக் குடிக்க முடிகிறதா?’ என்றும் கேட்டல் வேண்டும். இரண்டு வினாக்களுக்கும் நல்விடை தரும் செலவே நிலைத்த வேலைவாய்ப்பைத் தரும்.