பேசும் பன்றி, சிப்பிக்காகச் சண்டை போடும் பென்குயின்... ஜெர்மன் குழந்தைகளைக் கட்டிப்போட்ட 'ஊர்மெல்' பொம்மலாட்டம்!

ஒரு தீவு. அதில் ஒரு பேராசிரியர் வீடு. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்வது ஒரு பன்றி. அக்கம்பக்கத்தில் ஒரு பென்குயின், ஒரு உடும்பு, பெரிய அலகு கொண்ட ஒரு பறவை. எல்லாமே பேசும். ஆனால் ஒன்றுகூடத் திருத்தமாகப் பேசாது!

இதுதான் 1969-ல் ஜெர்மன் தொலைக்காட்சியில் வந்த 'பனிக்கட்டியிலிருந்து வந்த ஊர்மெல்'. மொத்தமே நான்கு பாகங்கள். எல்லாம் மரப்பொம்மைகள், நூல் கட்டி ஆட்டியவை. பல தலைமுறை ஜெர்மானியர்கள் பார்த்து வளர்ந்த படம் இது. அப்படி என்னதான் இருக்கு இதில்?

கதை என்ன?

டிட்டிவூ என்ற தீவில் வசிக்கிறார் பேராசிரியர் ஹபகுக் டிபடாங். விலங்குகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. கூடவே டிம் என்ற சிறுவனும் இருக்கிறான்.

வுட்ஸ் என்ற பன்றிதான் இங்கே வீட்டு நிர்வாகி. பன்றி என்றால் சேறு, அழுக்கு என்றுதானே நினைப்போம்? வுட்ஸ் அப்படியே நேர்மாறு. சுத்தம், சுத்தம், சுத்தம்! அது தூங்குவதற்குத் தனியாக ஒரு பீப்பாய்.

வாவா என்ற உடும்புக்குச் சொந்தமாக ஒரு பெரிய சிப்பி உண்டு. அதற்குள்தான் படுக்கும். பிங் என்ற பென்குயினுக்கு அந்தச் சிப்பி மேலேயே கண். எனக்கும் வேணும் என்று ஓயாத சண்டை. ஒரே அறையைப் பங்குபோடும் அண்ணன் தம்பி உள்ள எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

ஒருநாள் கடலில் மிதந்து வரும் பனிப்பாறைக்குள் ஒரு முட்டை. அதிலிருந்து வெளிவருவதுதான் ஊர்மெல். டைனோசர்களுக்கும் பாலூட்டிகளுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய விலங்கு என்று பேராசிரியர் சொல்லிவந்த உயிரினம். வெளியுலகுக்கு அது ஓர் அதிசயம். வுட்ஸுக்கோ பசிக்கு அழும் ஒரு குழந்தை. அதைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிறது.

பேச்சில் ஏன் இத்தனை பிழைகள்?

படத்தின் பெரிய சிரிப்பே இதுதான். ஜெர்மன் மொழியில் சிப்பிக்கு 'முஷெல்' என்று பெயர். பிங்குக்கு 'ஷ' வராது. அதன் வாயில் அது 'முப்ஃபெல்' ஆகிவிடும். ஷூஷ் என்ற பறவைக்கு 'இ' வராது. வுட்ஸ் பேச்சுக்கு நடுவே உறுமும்.

கரையைவிட்டுத் தள்ளி ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்து சோகப் பாட்டு பாடும் ஸேலெ-ஃபண்ட் என்ற யானை சீலுக்கு உயிரெழுத்துகளே குழம்பும். அதன் பெயரிலேயே ஒரு சிலேடை இருக்கு. 'ஸே-எலெஃபண்ட்' என்றால் யானை சீல். அதைக் கொஞ்சம் மாற்றிப் பிரித்தால் வரும் 'ஸேலெ' என்ற சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். அந்தத் தனிமைப் பாடகனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

கவனிக்க வேண்டியது ஒன்று. பேச்சு திருந்தினால்தான் இங்கே இடம் என்று யாரும் சொல்வதில்லை. ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிகிறது. 'ர' வராமல், 'ஷ' வராமல் வகுப்பில் கூச்சப்படும் ஒரு குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அப்போ வில்லன் யார்?

நாட்டை இழந்த மன்னர் பும்பொனெல், ஊர்மெல்லை வேட்டையாடத் துப்பாக்கியோடு தீவுக்கு வருகிறார். ஆனால் அவருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? அங்கேதான் கதை கூர்மையாகிறது.

ஊர்மெல் என்று ஒன்று இருந்ததாகச் சொன்னபோது சக அறிஞர்கள் டிபடாங்கைக் கேலி செய்தார்கள். இப்போது ஊர்மெல் கண்ணெதிரே இருக்கிறது. நான் சொன்னது சரிதான் என்று காட்ட, தன் எதிரியான அருங்காட்சியக இயக்குநருக்கு அவரே தகவல் அனுப்பிவிடுகிறார். அங்கிருந்துதான் செய்தி மன்னர் காதுக்குப் போகிறது.

ஆக, குட்டியை ஆபத்தில் தள்ளியது பாசமான பேராசிரியரின் பெருமைதான். பெரியவருக்கு ஆதாரமாகவும், வேட்டைக்காரருக்குப் பரிசாகவும் தெரிந்த ஊர்மெல், பன்றிக்கு மட்டும்தான் முதலிலிருந்தே பிள்ளை. கடைசியில் வேட்டை பலிக்கவில்லை. ஊர்மெல் தீவிலேயே இருக்கிறது.

எழுதியது யார்?

மாக்ஸ் குரூசெ. இவருடைய அம்மா கேதெ குரூசெ உலகப் புகழ்பெற்ற பொம்மை வடிவமைப்பாளர். பொம்மைகளுக்கு நடுவே வளர்ந்தவர் எழுதிய கதை, பொம்மைகளாலேயே புகழ்பெற்றது!

யார் இந்த 'பொம்மைப் பெட்டி' குழுவினர்?

படத்தை உருவாக்கியது ஆக்ஸ்பர்க் நகரின் 'ஆக்ஸ்பர்கர் புப்பன்கிஸ்டெ'. 'புப்பன்கிஸ்டெ' என்றால் பொம்மைப் பெட்டி. இதைத் தொடங்கியவர் வால்டர் ஓமிஷன் என்ற நாடக நடிகர்.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் அவர் ஒரு சின்ன பொம்மலாட்ட மேடை வைத்திருந்தார். 1944 பிப்ரவரி 25-26 இரவு ஆக்ஸ்பர்க் மீது விழுந்த குண்டுகளில் அது எரிந்துபோனது. பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்ததால் அவை மட்டும் தப்பின.

சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1948 பிப்ரவரி 26-ல் புதிய அரங்கைத் திறந்தார் ஓமிஷன். முதல் நாடகம், 'பூட்ஸ் போட்ட பூனை'. போரில் இடிந்துபோன ஒரு நகரத்தில் குழந்தைகளுக்குச் சிரிக்க ஓர் இடம் கிடைத்தது.

அது குடும்பத் தொழிலாகவே வளர்ந்தது. மனைவி ரோஸெ கூடவே உழைத்தார். மகள் ஹன்னெலோரெ தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பொம்மைகளைச் செதுக்கினார். பிறகு பேரன் கிளவுஸ் மார்ஷல் பொறுப்பேற்றார். 1953 ஜனவரியிலேயே இவர்கள் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார்கள். ஜெர்மனியில் வழக்கமான ஒளிபரப்பு மீண்டும் தொடங்கி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை!

பிளாஸ்டிக் தாள் எப்படிக் கடல் ஆனது?

இவர்கள் படங்களில் வரும் கடல் தண்ணீரே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அசைத்து, விளக்கு வெளிச்சம் பட வைப்பார்கள். அலை அடிப்பது போலவே இருக்கும். பொம்மைகளின் நூலையும் மறைக்க மாட்டார்கள். பளிச்சென்று தெரியும். ஐந்தே நிமிடத்தில் நம் கண்ணே அதை மறந்துவிடும்.

2006-ல் இதே கதை கணினி அனிமேஷன் படமாகவும் வந்தது. நூல் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, எல்லாம் பளபளப்பு. ஆனாலும் ஊர்மெல் என்றால் பல ஜெர்மானியர்களுக்கு இன்றும் நினைவுக்கு வருவது அந்தப் பழைய மரப்பொம்மைதான்.

பொம்மைப் பெட்டியின் பழைய பொம்மைகளை ஆக்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் நேரிலேயே பார்க்கலாம். அரங்குக்கு மேல்மாடியில் 2001-ல் திறக்கப்பட்டது அது.

உங்கள் வீட்டு வாண்டு செல்போனில் அடுத்த கார்ட்டூனைத் தேடும்போது ஒருமுறை ஊர்மெல்லைப் போட்டுக் காட்டுங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. சிப்பிக்காக நடக்கும் சண்டை எந்த மொழியிலும் புரியும்!