நம் காதை நாம் பார்ப்பதில்லை

தரம் 6 முதல் தரம் 11 வரை மூத்தவாப்பாவின் சைக்கிள் கரியரில் இருந்துதான் நான் பாடசாலைக்குப் போய்வந்தேன். அவர் தலையில் வெள்ளைத் தொப்பி. தொப்பிக்குக் கீழே இரண்டு பக்கமும் காதுகள். ஆறு வருடம் என் கண்ணுக்கு நேரே இருந்தவை அந்தக் காதுகள்தான். ஆனாலும் வலக் காதின் மேல்விளிம்பில் அரிசியளவு தடித்திருந்த ஒரு சொரசொரப்பை நான் கவனித்தது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான். ஒரு நாள் அதிலிருந்து கசிந்த இரத்தம் தொப்பியின் ஓரத்தில் பட்டிருந்தது.

“என்ன மூத்தவாப்பா இது?”

“அது ஒண்டுமில்லை மகள். கம்பி கீறினது. ஆறிப்போகும்.”

எப்போது கீறியது என்று கேட்டேன். “போன நோன்புக்கு முந்தி” என்றார். அப்படியானால் ஒரு வருடத்துக்கும் மேல். ஒரு கீறல் ஒரு வருடமாக ஆறாமல் இருக்குமா? அந்தக் கேள்வியோடு தேடிப் படித்தவற்றையும், வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றையும், எங்கள் வீட்டில் நடந்ததையும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புறச்செவியின் அமைப்பு

வெளியே தெரியும் செவிச்சோணையும், அங்கிருந்து செவிப்பறை வரை செல்லும் செவிக்குழாயும் சேர்ந்ததே புறச்செவி. பரீட்சைக்காக நாம் நடுச்செவி என்புகளையும் நத்தைச்சுருளையும் பாடமாக்குகிறோம். புறச்செவியை “ஒலியைச் சேகரிக்கும்” என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உண்மையில் வெளியுலகின் ஒளி, வெப்பம், குளிர், ஒலி, அமுக்கம் எல்லாம் முதலில் வந்து மோதும் இடங்களில் அதுவும் ஒன்று.

செவிச்சோணையைத் தொட்டுப் பாருங்கள். கீழே தொங்கும் சோணை மட்டுமே மெத்தென்றிருக்கும். மற்றப் பகுதி முழுவதும் கசியிழையம். அதன் மேல் மெல்லிய தோல். கன்னத்தில் இருப்பது போலக் கொழுப்புப் படை இங்கே இல்லை. கசியிழையத்துக்கெனக் குருதிக் கலன்களும் இல்லை. தன்னைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்தே அது போசணையைப் பெறுகிறது. எனவே காதின் தோல் சேதமடைந்தால் சேதம் விரைவில் கசியிழையத்தை எட்டும். எட்டினால் ஆறுவது கடினம்.

வெயில்

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. நமது பாடநூல்கள் அதைக் கழியூதாக் கதிர் என்கின்றன. புற ஊதாக் கதிர் என்றும் சொல்வர். அதில் 280 முதல் 315 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள கதிர்கள் தோற்கலங்களின் டீ.என்.ஏ.யை நேரடியாகச் சிதைக்க வல்லவை. கலங்கள் பெரும்பாலான சிதைவுகளைத் திருத்திக்கொள்ளும். ஆனால் ஆண்டுக் கணக்கில் தினமும் சிதைந்தால், திருத்தப்படாதவை சேர்ந்துகொண்டே போகும். முதலில் சொரசொரப்பான செதில், பிறகு ஆறாத புண், சிலருக்குப் புற்றுநோய்.

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 9.7 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும், நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது கதிர்கள் மிகக் குறைந்த தூரமே வளிமண்டலத்தில் பயணம் செய்து நம்மை அடைகின்றன. கதிர்கள் மேலிருந்து மட்டும் வருவதுமில்லை. உலர்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் கழியூதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி எறியும். கடல் நுரை 25 சதவீதம் அளவில்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட போது மூத்தவாப்பாவும் குடும்பத்தோடு புத்தளம் போய்ச் சேர்ந்தார். சோனகத் தெருவில் நிழலில் இருந்து தையல் மெசின் மிதித்தவர், அங்கே உப்பளத்திலும் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலும் கூலி வேலை செய்தார். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பும் நீரும் மணலும். இருபது வருடம். தலையில் தொப்பி இருந்தது. ஆனால் நம் தொப்பிக்கு விளிம்பில்லை, அது காதுக்கு நிழல் தராது. நானோ என் காதை ஸ்காபுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு அவர் பின்னால் இருந்திருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நமது தோலிலுள்ள மெலனின் கழியூதாக் கதிர்களை ஓரளவு தடுக்கிறது. ஆகவே வெள்ளைத்தோல் மக்களிடம் உள்ள அளவுக்கு நம்மிடம் இந்நோய் இல்லை. வீண் பயம் வேண்டாம். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதல்ல. “நமக்கு இது வராது” என்ற எண்ணத்தாலேயே நாம் பிந்திப் போகிறோம்.

வெப்பமும் குளிரும்

காது குத்துகிறது என்றால் உள்ளியைப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள திரவம் ஒரு சில செக்கன்களில் தோலைச் சுட்டுவிடும். எண்ணெய் அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சூடாகக்கூடியது. விரலில் ஒரு துளி விட்டுப் பார்த்துச் “சூடில்லை” என்று முடிவு செய்கிறோம். விரலில் பட்ட துளி உடனே ஆறிவிடும். ஒடுங்கிய செவிக்குழாய்க்குள் போன எண்ணெய் அங்கேயே தேங்கி நிற்கும். குழாயும் செவிப்பறையும் வெந்துவிடலாம். செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுச்செவிக்கே போய்விடும்.

காதில் சூடு பட்டுவிட்டால் குளிர்ந்த நீரை ஓடவிட்டு ஆற்றுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம். அந்தப் பக்கம் சரித்துப் படுக்கவும் வேண்டாம். அமுக்கினால் கசியிழையத்துக்குப் போசணை குறையும். அதில் கிருமி தொற்றினால் காது சுருங்கி உருமாறிவிடும்.

குளிரும் அப்படியே. ரொறன்ரோவில் இருக்கும் என் மாமா முதல் மாரியில் தொப்பியில்லாமல் பஸ்ஸுக்கு நின்று, காது விளிம்பு வெளுத்து உணர்விழந்ததாகச் சொன்னார். உடம்பு தன் உட்சூட்டைக் காக்கக் காது, மூக்கு, விரல்களுக்குப் போகும் குருதியைக் குறைத்துவிடுகிறது. அப்படி உறைந்த காதைத் தேய்க்கக் கூடாது. உறைந்த கலங்கள் மேலும் சிதையும். கையால் பொத்தி மெல்லச் சூடேற்ற வேண்டும்.

ஒலியும் வெடியும்

பௌதிகம் படிக்கும் தோழியர் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். செவிக்குழாய் ஒரு முனை மூடிய குழாய். நீளம் சுமார் 2.5 சென்ரிமீற்றர். அடிப்படைப் பரிவில் அலைநீளம் அதன் நான்கு மடங்கு, அதாவது 10 சென்ரிமீற்றர். ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் எனக் கொண்டால் மீடிறன் 3400 ஹேர்ட்ஸ். அந்த மீடிறனுக்கு அண்மித்த ஒலிகளை நமது புறச்செவியே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. மெல்லிய பேச்சைக் கேட்க இது உதவுகிறது. ஆனால் பேரிரைச்சலையும் அது அப்படியே பெருக்கித்தான் அனுப்பும். இரைச்சலால் கேட்கும் திறன் குறைவோருக்கு முதலில் 4000 ஹேர்ட்ஸை அண்டிய ஒலிகள் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெடி இன்னும் கொடியது. அது ஒலி மட்டுமல்ல, அமுக்க அலை. வளிமண்டல அமுக்கத்தின் மூன்றில் ஒரு பங்களவு திடீரென்று கூடினாலே செவிப்பறை கிழியலாம். 1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த போது வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. அந்தப் பக்கம் பார்த்திருந்த மூத்தம்மாவின் இடக் காது அன்றிலிருந்து சரியாகக் கேட்காது. நாங்கள் வலப் பக்கம் போய்த்தான் பேசுவோம். நம் குடாநாட்டில் இப்படி ஒரு பக்கம் திரும்பிக் கேட்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று சுற்றிப் பாருங்கள். அவர்களில் சிலருக்குக் காதுகேள் கருவி உதவக்கூடும். “வயசாச்சு” என்று விட்டுவிடாமல் ஒரு முறை பரிசோதிக்க அழைத்துச் செல்லலாம்.

சிறிய செவிப்பறைக் கிழிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாக மூடிக்கொள்ளும். அதுவரை காதுக்குள் நீரோ எண்ணெயோ போகக் கூடாது.

இன்று ஷெல் இல்லை, இயர்போன் இருக்கிறது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்பது தொழிற்சுகாதார அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம் மட்டுமே.

கைத்தொலைபேசி

“போன் சூடு காதுக்குள் போய்ப் புற்றுநோய் வரும்” என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். கைத்தொலைபேசி வெளிவிடுவது ரேடியோ அலை. 1000 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள அலையின் ஒரு சக்திச் சொட்டு, 300 நனோமீற்றர் கழியூதாக் கதிரினதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். அதனால் டீ.என்.ஏ. பிணைப்பை உடைக்க இயலாது. இழையத்தைச் சிறிதளவு சூடாக்கும்; அவ்வளவே. நாம் உணரும் சூட்டில் பெரும்பகுதி மின்கலத்தாலும், காற்றுப் படாமல் காதோடு அழுத்திப் பிடிப்பதாலும் வருவது. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இவ்வலைகளை “புற்றுநோயை உண்டாக்கக்கூடும்” என்ற பிரிவில் சேர்த்தது உண்மை. போதிய சான்று இல்லாத, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டிய பொருள்களுக்கான பிரிவு அது. 2013இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, இவ்வலைகளின் அளவைக் கணிக்கும்போது செவிச்சோணையைக் கை, கால் போன்ற புற உறுப்பாகவே கருதலாம் என்று வகுத்தது. போனைக் கண்டு நடுங்கும் நாம், காதில் விழும் ஏப்ரல் வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை.

குணமாக்கும் கதிர்

கதிர்வீச்சு சேதம் மட்டும் செய்வதில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டியவர்களின் முயற்சியால் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. எங்கள் அயலில் ஒரு மாமி, வெற்றிலை பாக்குப் புகையிலையால் வாயில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றார். வாய், கழுத்துப் புற்றுநோய்களுக்கு இச்சிகிச்சை பொதுவாக ஆறு ஏழு வாரங்கள், சிறு சிறு அளவாகத் தரப்படும். கதிர் செல்லும் வழியில் காது இருந்தால் இரண்டு மூன்று வாரங்களில் தோல் சிவக்கும், வறளும், உரியும். குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் பாதிக்கப்படுவதால் செவிக்குழாய் காய்ந்து அரிக்கும்.

மாமிக்குச் சொல்லப்பட்டவை இவை: அந்தக் காதில் தோடு வேண்டாம், குச்சி விட்டுக் கிண்ட வேண்டாம், வைத்தியரைக் கேட்காமல் எந்தத் தைலமும் பூச வேண்டாம், வெயில் படக்கூடாது. நாங்கள் கண்டறிந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நைலோன் ஸ்காப் அந்தத் தோலை உராய்ந்து புண்ணாக்கியது. மெல்லிய பருத்தித் துணிக்கு மாறி, காதுக்குப் பக்கத்தில் ஊசி குத்தாமல் தளர்வாகச் சுற்றிய பிறகு வேதனை குறைந்தது.

மூத்தவாப்பாவின் காது

வைத்தியசாலைக்குப் போக அவர் சம்மதிக்க இரண்டு மாதம் எடுத்தது. சிறு துண்டு எடுத்து இழையப் பரிசோதனை செய்தார்கள். ஆரம்ப நிலைத் தோற்புற்றுநோய் என்று வந்தது. காது விளிம்பில் ஆப்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். இடக் காதிலும் ஒரு செதில் தொடங்கியிருந்தது. அது புற்றுநோயாக மாறவில்லை. அதைத் திரவ நைதரசனால் உறையவைத்து அழித்தார்கள். அதன் வெப்பநிலை மறை 196 பாகை செல்சியஸ். வெயில் செய்ததைக் குளிரால் அழித்த கதை. காதில் வரும் இவ்வகைப் புற்றுநோய் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது என்பதால் இன்னும் சில மாதத்துக்கொரு முறை கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இதுவரை ஒன்றுமில்லை. இப்போது வெளியே போகும்போது தொப்பிக்கு மேல் அகல விளிம்புப் பனையோலைத் தொப்பி போட்டுக்கொள்கிறார்.

தையல் பிரித்த அன்று அவர் சொன்னது என் மனதில் நிற்கிறது. “வுழூச் செய்யக்குள்ள ஒவ்வொரு நாளும் விரல்ல தட்டுப்பட்டது மகள். சொன்னா உங்களுக்குச் செலவு எண்டுதான் சொல்லயில்லை.”

சகோதரிகளே, கையும் காலும் நம் கண்ணுக்குத் தெரியும். காதை மட்டும் மற்றவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வுழூவில் ஈரவிரல் காதின் உள்ளும் புறமும் போகும்போது புதிய தடிப்போ, செதிலோ, ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ தட்டுப்பட்டால் மறைக்க வேண்டாம் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லுங்கள். வெயிலில் உழைக்கும் வாப்பாவின், மூத்தவாப்பாவின் காதை இன்று மாலை ஒரு தரம் வெளிச்சத்தில் பாருங்கள். நான் ஆறு வருடம் பின்னால் இருந்தும் பார்க்கவில்லை.